சோடா சுடவில்லை

கண்டியில், மஹய்யாவயில் நின்று பார்த்தால் தெரிகிற வெள்ளைச் சுவர்களில் பாதி நான் அடித்தவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திகணைப் பக்கம் சுண்ணாம்புச் சூளையில் விறகு தள்ளினேன். பிறகு அதே சூளைச் சுண்ணாம்பை வாங்கி வெள்ளையடிக்கிற கொந்தராத்து எடுத்து மாடி வீடு கட்டினேன். போன வருடம், பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையை எழுதப் போகிறேன் என்றதும் மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இந்த வயசுல டியூஷனாப்பா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பல்லுக்கு நல்லது."

கண்டி டவுனில் வகுப்பு. பிள்ளைகளுக்கு நடுவே, முன் வாங்கில் உட்கார்ந்தேன். விஞ்ஞான டீச்சர் யாழ்ப்பாணத்துப் பெண், பேராதனையில் படித்தவர். ஒருநாள் கண்ணாடிக் குவளையில் வினாகிரி ஊற்றி, அப்பச்சோடாவைப் போட்டுவிட்டு, "இது சுடுமோ, குளிருமோ?" என்று கேட்டார். நுரை பொங்கி எழுந்தது. தண்ணீர் பட்டதும் தொட்டியில் சுண்ணாம்பு கொதிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எழுந்து நின்றேன்.

"பொங்குதுல்ல? கட்டாயம் சுடும். சுடலைன்னா நாளையிலேருந்து இந்த வகுப்புப் பக்கமே வரமாட்டேன்!"

"அப்ப விரலை வைச்சுப் பாருங்கோ, ஐயா."

வைத்தேன். சில்லென்றது.

"தாத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்றான் பின் வாங்கிலிருந்து ஒருத்தன். வகுப்பே கைதட்டியது.

மறுநாளும் போனேன். அதே முன் வாங்கு.

"சவால் என்னாச்சு தாத்தா?"

"தோத்துட்டேன். அதுக்காக எந்திரிச்சுப் போவேன்னு நினைச்சியா? கணக்குல தோக்குறப்ப நீ வீட்டுக்கா போற?"

சிரிப்பு அடங்கியதும் டீச்சரிடம் கேட்டேன். "சோடா சூட்டை இழுத்துக்கிச்சுன்னா, என் சூளையில சுண்ணாம்புக் கல்லும் அதைத்தானே செஞ்சிச்சு? விறகை நிறுத்தினா கல்லு கல்லாவே கெடக்கும்."

"ஓம் ஐயா, ரெண்டும் வெப்பத்தை உறிஞ்சிற அகவெப்பத் தாக்கம். சுட்ட சுண்ணாம்பில தண்ணி ஊத்தேக்க கொதிக்குதே, அது புறவெப்பத் தாக்கம். கல் உறிஞ்சின வெப்பத்தில ஒரு பங்கு அப்ப வெளியில வரும்."

"மிச்சம்?"

"சுவரில அடிச்சாப்பிறகு, காத்தில இருக்கிற காபனீரொட்சைட்டு வாயுவோட சேர்ந்து திரும்பக் கல்லாகும். அப்ப மெல்ல மெல்ல வரும்."

நான் தள்ளிய விறகின் சூடு இந்த ஊர்ச் சுவர்களிலிருந்து வந்துகொண்டிருந்திருக்கிறது! பின் வாங்கைத் திரும்பிப் பார்த்தேன்.

"கேட்டியா தம்பி? பரீட்சையில இது வந்தா நீ படிச்சதை எழுதுவ. நான் செஞ்சதை எழுதுவேன்."

அடுத்த வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் விடச் சொன்னேன் மகனை. முணுமுணுத்துக்கொண்டே விட்டான். ஊர் பார்க்கட்டும் என்று வாசலிலேயே இறங்கினேன்.