டபுள் பேஸுக்கும் ஓர் இடம்

ருவான்வெல்லைக்கு அருகே ஒரு தோட்டத்தில் விஜயகலா றப்பர் பால் வெட்டுகிறார். சனிக்கிழமை பின்னேரங்களில் கேகாலைக்குப் போய், ஆளைவிட உயரமான தந்தி வாத்தியமான டபுள் பேஸ் வாசிக்கிறார். பள்ளியில் வயலின்களை உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். யாரும் தொடாத இந்தப் பெரிய கருவியைத் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளையான விஜயகலாவிடம் தள்ளிவிட்டார்கள். தலையெழுத்து என்றார் அம்மா. தலையெழுத்தல்ல, ஆசிரியர் எழுதிய பட்டியல்.

இருபது வருடம் கழித்தும் அந்தப் பட்டியல் அழியவில்லை. அவர் வாசித்துவந்த கேகாலைப் பெரிய வாத்தியக் குழு கலைந்ததும் மிஞ்சியவர்கள் ஐந்து பேர்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ, விஜயகலா. டிசம்பர் நிகழ்ச்சிக்கு நால்வர் வாசிக்கும் இசை ஒன்றைத் தெரிவு செய்தார் முதல் வயலின் ஆனந்தராசா. காணி அலுவலக எழுதுவினைஞர்.

“நாலு பேருக்குத்தான் எழுதியிருக்கு, பிள்ளை. நான் என்ன செய்யிறது? நீர் இருந்து கேளும்.”

“கேக்கவா சார் ரெண்டு பஸ் மாறி வர்றேன்? பேஸும் இருக்கிற இசையா கொண்டாந்தா வாசிப்பீங்களா?”

“வாற சனிக்குள்ள கொண்டு வாரும், பாப்பம்.”

அந்த வாரம் தினமும் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, விஜயகலா சிக்னல் கிடைக்கும் மேட்டில் உட்கார்ந்து கைபேசியில் தேடினார். கண் சொருகியது. முதலில் கிடைத்ததற்குப் பியானோ வேண்டும். மண்டபத்தில் பியானோ இல்லை. அடுத்ததில் பேஸ் உண்டு, வியோலா இல்லை. வியோலா வாசிப்பவர் றிப்தா. தான் உள்ளே போக இன்னொருத்தியை வெளியே நிறுத்துவதா? அதை மூடினார். வியாழக்கிழமைதான் ஐவருக்கும் இடமுள்ள இசை ஒன்று அகப்பட்டது. ருவான்வெல்லைக் கடையில் அச்செடுத்தார்.

சனிக்கிழமை ஆனந்தராசா தாள்களைப் புரட்டினார்.

“வயலினுக்குச் சரியான கஷ்டமெல்லோ இது!”

“அப்ப நீங்கள் இருந்து கேளுங்கோ, அண்ணை,” என்றார் செலோ வாசிக்கும் தாட்சாயினி. றிப்தா சிரித்துவிட்டார். ஆனந்தராசாவுக்கு வேறு வழியில்லை, வில்லை எடுத்தார்.

நடுவில் பேஸுக்கு இருபது தாளச் சுற்று நீண்ட ஓய்வு வந்தது. காலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு. விஜயகலா கருவியில் சாய்ந்து கண்ணை மூடினார். ஆனந்தராசா வாசிப்பதை நிறுத்தினார். மற்ற மூவரும் நிறுத்தவில்லை.

“நித்திரையே, பிள்ளை?”

“எண்ணிக்கிட்டு இருக்கேன் சார். பத்தொம்பது... நிறுத்துனது நீங்கதான். இருபது.”

இருபத்தொன்றில் பேஸ் சேர்ந்துகொண்டது. ஆனந்தராசா எங்கே விட்டோம் என்று தாளில் தேடிக்கொண்டிருந்தார்.