பாரிஸ் அண்ணையும் என் வேலைக்காரன் வேஷமும்

மியூனிக், சனிக்கிழமை, காலை ஆறரை மணி. டோர்ட்மண்ட் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது என் மடியில் ஒரு நாடகப் பிரதி இருந்தது. கடைசி நேரத்தில் வாங்கியதால் பயணச்சீட்டு நூற்றுப் பத்தொன்பது யூரோ. ஸ்டுட்கார்ட், மன்ஹைம், கொலோன் வழியாக அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர வேண்டும். நாலு மணிக்கு நாடகம். அதுவும் நடந்தால்தான்.

நான் திருச்சிக்காரன். மியூனிக்கில் கார்களுக்கு மென்பொருள் எழுதுகிறேன். புதுச்சேரியில் படித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பிரெஞ்சு இன்னும் விடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் நகைச்சுவை நாடகங்கள் எழுதிய ஒருவர்மேல் எனக்குப் பல வருடப் பித்து. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தமிழில் எப்படி எழுதினாலும் யாராவது உச்சரிப்புச் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். டோர்ட்மண்டில் நாடகம் போடும் யாழ்ப்பாணத் தமிழர் குழு அவருக்கு 'பாரிஸ் அண்ணை' என்று பெயர் வைத்துவிட்டது. அதுவே இருக்கட்டும்.

அவரைத் தழுவி நான் எழுதிய நாடகத்தின் கதை எளிது. பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை தன் உடையை வேலைக்காரனுக்கு மாட்டிவிட்டு, தான் வேலைக்காரனாக வருகிறான். பெண்ணுக்கு 'வேலைக்காரன்' மேல் மனசு போகிறது, வெட்கத்தில் தவிக்கிறாள். எல்லாம் தெரிந்த அப்பா வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்க்கிறார்.

இதில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். பெண்ணும் அப்பாவும் மாப்பிள்ளையும் எங்கள் ஊர் நடுத்தர வீடுகளில் பேசுவதுபோலப் பேசுவார்கள். வேலைக்காரன் மட்டும் யாழ்ப்பாணத் தமிழ். எசமான் வேஷத்தில் எங்கள் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசுகிறவன் நடுநடுவே 'ஆமா', 'முடியாது' என்பதற்குப் பதில் 'ஓம்', 'ஏலாது' என்று வாய் தவறுவான். அங்கே கூட்டம் சிரிக்க வேண்டும். டோர்ட்மண்டில் போடுகிறார்களே, உள்ளூர் வாசனை வேண்டாமா என்று நினைத்தேன். எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

நேற்று மாலை யாழினி போன் செய்தாள். குழுவின் இயக்குநரும் கதாநாயகியும் அவள்தான். டோர்ட்மண்டிலேயே பிறந்து வளர்ந்தவள், ஆஸ்பத்திரியில் தாதி. இது அவளுடைய முதல் நாடகம். அப்பா வேஷம் போடுபவர் அவளுடைய சொந்த அப்பா நடேசன்.

"அண்ணா, வியாழக்கிழமைதான் முதல் தரம் நாடகத்தை முழுசா ஓட்டிப் பாத்தனாங்கள். வேலைக்காரன் வாய் தவறுற காட்சியை அப்பா அண்டைக்குத்தான் பாத்தவர். உடுப்பைக் கழட்டி வைச்சிட்டு வீட்டை போயிட்டார். வேலைக்காரனா நடிக்கிறவரும் தான் வரேல்லை எண்டுட்டார்."

"ஐயோ. அப்பாகிட்ட நான் பேசட்டுமா?"

"என்னோடயே கதைக்கிறாரில்லை. அந்தக் காட்சியில நான் சிரிச்சிட்டன் அண்ணா. அதுதான் அவருக்குக் கூட நோகுது." குரல் உடைந்தது. "மண்டபத்துக்கு இனி வேற தேர்மின், வேற நாள் எடுக்க ஏலாது. நாளைக்கு இல்லாட்டி இல்லை."

நான் செய்த கூத்துக்கு ஒரு பெண் அப்பாவை இழந்துகொண்டிருந்தாள். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

ஸ்டுட்கார்ட் தாண்டியதும் பேனாவை எடுத்தேன். எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டும். பெண்ணும் அப்பாவும் மாப்பிள்ளையும் யாழ்ப்பாணத் தமிழ். வேலைக்காரன் எங்கள் ஊர்க்காரன். ஒவ்வொரு வசனத்தையும் முணுமுணுத்துப் பார்த்து எழுதினேன். எதிரே உட்கார்ந்திருந்த வயதான ஜெர்மன் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன எழுதுகிறீர்கள்?" என்று மன்ஹைமில் கேட்டே விட்டார்.

"நகைச்சுவை நாடகம்."

"அப்படியா? இவ்வளவு நேரமாக உங்கள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்று சொல்லி, பையிலிருந்து பாதி ப்ரெட்செல் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். பேனாவைக் கீழே வைக்கவில்லை.

பிராங்க்பர்ட் விமான நிலையம் தாண்டியதும் ரயில் சுரங்கம் சுரங்கமாகப் பாய்கிறது. ஒன்றிலிருந்து வெளியே வந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. யாழினி இரண்டு முறை அழைத்தாள். இரண்டு முறையும் 'அண்ணா' என்பதோடு அறுந்தது. கொலோனுக்கு முன்னால் காற்றில் மரம் ஒன்று பாதையில் விழுந்துவிட்டது என்று அறிவித்தார்கள். வண்டி நின்றது. பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி நேரம். ரைன் ஆற்றுப் பாலத்தில் ஊர்ந்தபோது கொலோன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் எதிரே வந்து நின்றது. உலகமே அண்ணாந்து பார்க்கும் கோபுரம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோர்ட்மண்டில் இறங்கும்போது மணி இரண்டு. மழை. நகரத்தின் வடக்கே ஒரு பள்ளிக்கூட மண்டபம். டாக்சியில் பன்னிரண்டு யூரோ. வாசலில் யாழினி வேஷத்தோடு நின்றிருந்தாள், கண் சிவந்து.

"அப்பா வந்திருக்கிறார்" என்றாள். "ஆனா காரைவிட்டு இறங்கேல்லை. மண்டபத்துச் சாப்பாட்டுக் கடைக்கு ரோல்ஸ் கொண்டு வாறனெண்டு சொல்லியிருந்தவர். ரோல்ஸை இறக்கிப் போட்டு அப்பிடியே இருக்கிறார்."

சொன்ன சொல்லுக்கு ரோல்ஸை இறக்கிவிட்டுத் தான் மட்டும் இறங்காத மனிதர். எனக்குப் பயம் கூடியது. கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"நான்தான் சார், நாடகம் எழுதினவன்."

"தெரியும். ஏறி இருங்கோ தம்பி, நனையாதேங்கோ."

ஏறி உட்கார்ந்தேன். கார் முழுக்கப் பொரித்த ரோல்ஸ் வாசனை. பிரதியை நீட்டினேன். "எல்லாத்தையும் மாத்திட்டேன் சார். இப்போ நீங்க, பொண்ணு, மாப்பிள்ளை எல்லாரும் உங்க தமிழ்லதான் பேசுவீங்க. வேலைக்காரன் எங்க ஊர்க்காரன்."

அவர் வாங்கவில்லை. "இந்த நாட்டுக்கு வந்து நான் பிழை பிழையா டொய்ச் கதைக்க, எத்தினையோ பேர் சிரிச்சவை. பறவாயில்லை. அது என்ர பாசை இல்லை." மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தமிழிலயும் நான்தானோ சிரிப்பு? என்ர பிள்ளையே சிரிக்குது."

"மன்னிச்சிடுங்க சார்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். "உங்கட பாரிஸ் அண்ணை ஆரை வைச்சு நாடகம் போட்டவர்?"

"பாரிஸ்ல இத்தாலிக்காரங்களோட குழு ஒண்ணு இருந்துச்சு சார். அவங்க பேசுற பிரெஞ்சே வேற மாதிரி இருக்கும். அவங்களுக்காகத்தான் நிறைய எழுதினார்."

"அவையளுக்கு என்ன வேஷம் குடுத்தவர்?"

எனக்கு முகம் சுட்டது. இத்தனை வருடம் அந்த மனிதரைப் படித்தவன் நான். "வேலைக்காரன் வேஷமும் இருந்துச்சு. ஆனா காதலிக்கிற பொண்ணு, மாப்பிள்ளை, நல்ல வசனம் எல்லாமே அவங்களுக்குத்தான் எழுதினார்."

"அப்ப அந்த மனிசனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா சார். எனக்குத்தான் தெரியல."

"அவருக்குப் பிள்ளையள் இருந்ததோ?"

"ஒரே பொண்ணு. கன்னியர் மடத்துல சேந்துட்டா. மனைவி ரொம்ப முன்னாடியே இறந்துட்டாங்க. கடைசி வரைக்கும் சிரிக்க வைக்கிற நாடகம்தான் எழுதினார்."

நடேசன் கையை நீட்டிப் பிரதியை வாங்கினார். "சரி. நான் நடிக்கிறன். வேலைக்காரன் ஆர்?"

"அந்தத் தம்பியையே மறுபடி கூப்பிட்டு..."

"அவர் வரமாட்டார். நீங்கள் நில்லுங்கோ. எல்லா வசனமும் உங்களுக்குத்தானே பாடம்."

"எனக்கு மேடைப் பழக்கமே இல்ல சார்!"

"எனக்கும் இல்லை. நான் பஸ் கழுவினனான்" என்று கதவைத் திறந்தார்.

உள்ளே போனதும் அவர் மகளிடம் சொன்ன முதல் வார்த்தை, "கொண்டை ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது." அவள் அழுதபடி கொண்டையைச் சரி செய்தாள். அதன்பின் ஒத்திகை. புது வசனத்தை எப்படி ஒப்பேற்றுவார்கள் என்று நான் நடுங்கியது வீண். வீட்டில் பேசுவதை மேடையில் பேசினார்கள், அவ்வளவுதான். யாழினிக்கு அந்தப் பாத்திரம் இத்தனை நாள் பொருந்தாத சட்டையாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். தடுமாறியவன் நான் ஒருவனே.

விளக்கேற்றல், போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம், இரண்டு பேருடைய வாழ்த்துரை எல்லாம் முடிந்து திரை விலகும்போது ஐந்து மணி. எனக்கு ஒரு பழைய கோட்டு, அளவு பொருந்தாத ஷூ. யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையாக நடிக்கும் திருச்சி வேலைக்காரன். வாய் தவறுவதற்கென்று மூன்று இடம் எழுதியிருந்தேன்.

முதல் வரியிலேயே தவறினேன். "ஓம், நான் வரேன்... வாறன்" என்றேன். மண்டபம் குலுங்கியது. அடுத்த வரியில் இன்னொன்று. எழுதிய மூன்று இடத்தையும் விட்டுவிட்டு எழுதாத இடமெல்லாம் விழுந்தேன். முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் நான் சொன்னதை அப்படியே இழுத்துச் சொல்லிக் காட்ட, சுற்றி இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நாடகம் வெற்றி என்று என் மூளைக்குத் தெரிந்தது. ஆனால் காது மடல் எரிந்தது. அவர்கள் சிரித்தது வேலைக்காரனைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. என் வாயில் நான் பிறந்ததிலிருந்து இருக்கும் தமிழைப் பார்த்து. ஓரிடத்தில் வசனமே மறந்து நின்றேன்.

அப்போது அப்பா வேஷத்தில் இருந்த நடேசன் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "மாப்பிள்ளை, உங்களுக்கு வாறபடி கதையுங்கோ. எங்களுக்கு விளங்கும்" என்றார். பிரதியில் அப்படி ஒரு வசனம் இல்லை. சிரிப்பு அடங்கியது. மிச்சத்தை நான் திருச்சித் தமிழிலேயே பேசி முடித்தேன். கைதட்டினார்கள். யாழினி என்னைத் தாண்டி அப்பாவைப் போய்க் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். மழை விட்டிருந்தது. யாழினி ஒரு பொட்டலம் ரோல்ஸைக் கையில் திணித்துவிட்டு, எனக்குத் தண்ணீர் வாங்கக் கடைப் பக்கம் போனாள். நடேசன் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார்.

"நேற்று அவையள் சிரிக்கேக்க நொந்ததோ தம்பி?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். நாடகம் எழுதினவன் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"ஓம் அண்ணை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கித் தானே வண்டிக்குள் ஏற்றி வைத்தார்.