மார்லிஸின் காபி அரவை

மார்லிஸ் ட்வெய்ட்டுக்கு மூக்கு போய்விட்டது. மூக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது. குளிரில் சிவந்தது, ஒழுகியது. வாசனை மட்டும் தெரியவில்லை. இலையுதிர் காலத்தில் வந்த காய்ச்சல் மற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. என் மூக்கு போயிருந்தால் நானே நிதானமாகத்தான் கவனித்திருப்பேன். ஆனால் மார்லிஸ், அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையின் தலைமைச் சமையல்காரி. நான் அவளுக்குக் கீழே காய் நறுக்குகிற ஆள், குடியிருப்பதும் அவள் தெருவில்தான்.

அவள் கடிகாரம் பார்த்துச் சமைத்தவள் இல்லை. கதவருகே நின்றபடியே, "சாஸ் அடி பிடிக்குது, கிளறு" என்பாள். ஓடிப் போய்ப் பார்த்தால் அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கும். அப்படிப்பட்டவளின் முதுகுக்குப் பின்னால், கிறிஸ்துமஸுக்கு முன்பு, ஒரு தட்டு பன் கரியாகிப் போனது. புகைமணி அலறி, பள்ளிக்கூடமே கோட்டில்லாமல் பனியில் போய் நின்றது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மார்லிஸ் அன்று மாலைவரை அந்தத் தட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

மேலாளர் ஜோலீன் பிரிபில் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

"வசந்த லீவு முடிஞ்சதும் நீ கல்லாவுல உக்காந்துடு மார்லிஸ். அங்க மூக்குக்கு வேலை இல்ல. உனக்கும் கால் வலி குறையும்."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு எரிந்தது. திட்டியிருந்தால் மார்லிஸ் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவள், "அதுவரைக்கும் அடுப்பு என்னோடது" என்று மட்டும் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு வேகவைக்கப் போனாள்.

டாக்டர் சொன்னது இதுதான்: அழுத்தமான வாசனைகளைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகு, சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. எலுமிச்சை, கிராம்பு என்று எத்தனையோ சொன்னார்கள். மார்லிஸ் காபியைத்தான் பிடித்துக்கொண்டாள். ஏரிக்காற்று அடிக்கிற இந்த ஊரில் காபி இல்லாமல் கல்யாணமும் நடக்காது, சாவும் நடக்காது.

அவள் கணவன் வெர்லின், கப்பலில் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் அலமாரியைக் காட்டினான். "டப்பாத் தூள் இருக்கே, அதை மோந்து பாரேன்."

"அது செத்துப் போன தூள். என் கண்ணு முன்னாடி கொட்டை உடையணும். உடையற நிமிஷத்துலதான் அதுக்கு உசிரு. அரைக்கற மெஷின் ஒண்ணு வாங்கப் போறேன்."

"வாசனையே தெரியாதவளுக்கு அரவை மெஷினா? காது கேக்காதவன் பியானோ வாங்கின மாதிரி இருக்கு."

"வாங்கினா வாசிக்கக் கத்துக்குவான். நீ வண்டிய எடு."

முதலில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கினாள். உள்ளே கத்தி சுழல்கிற வகை. கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. பொடியை வெள்ளைத் தட்டில் பரப்பி, விரலால் தேய்த்துப் பார்த்தாள். முகம் கோணியது.

"பாதி மாவு, பாதி கல்லு. மாவு கசக்கும், கல்லு இறங்கவே இறங்காது. என் கிச்சன்ல யாராவது காயை இப்படி நறுக்கினா நான் விடுவேனா?" என்று என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால் இங்கே யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள், திருடிய பொருளைத் திருப்புவதுபோல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் நீட்டுவார்கள். மார்லிஸும் கவுண்டர் பெண்ணிடம் பெட்டியை வைக்கும்போதும் மன்னிப்புக் கேட்டாள், பணத்தை வாங்கும்போதும் கேட்டாள். கேட்டுவிட்டு நேராக அடுத்ததை எடுக்கப் போனாள்.

அது பல்சக்கரம் வைத்த மின்சார மெஷின். பொடி ஒரே சீராக வந்தது. ஆனால் குளிர்காலத்து வறண்ட காற்றில் தூள் பறந்து அலமாரி, திரைச்சீலை, வெர்லின் என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது.

"என் ஸ்வெட்டரைப் பிழிஞ்சா ரெண்டு கப் வரும்" என்றான் அவன்.

ஈரக் கரண்டிக் காம்பால் கொட்டையை ஒரு கிளறு கிளறிவிட்டு அரைத்தாள், பறப்பது நின்றது. ஆனாலும் அவளுக்குத் திருப்தி இல்லை. "வாசனை மொத்தமும் உள்ளயே அடைஞ்சு போகுது. நான் எங்க மூக்க வைக்கறது?" அதையும் கொண்டுபோய் மன்னிப்போடு திருப்பிவிட்டாள். கவுண்டர் பெண் அவள் பெயரையே கற்றுக்கொண்டாள்.

கடைசியில் ஏரிக்கரையில் காபிக்கொட்டை வறுத்து விற்கிற கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தாடிக்காரர் ஒருவர் பளபளவென்று ஒரு மெஷினைக் காட்டினார். விலையைப் பார்த்த மார்லிஸ், "இது வாசல்ல பனியும் தள்ளுமா?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. கையால் சுற்றுகிற மூன்றை எடுத்து வைத்தார்.

அவள் அழகைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் கைப்பிடியையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாள். மரப்பெட்டி வைத்த பழைய மாதிரிதான் எனக்குப் பிடித்திருந்தது. அதன் தண்டு ஆடியது, அடுத்ததும் ஆடியது. "தண்டு ஆடினா பல்லு ஒரு பக்கம் நசுக்கும், ஒரு பக்கம் சும்மா விட்டுடும்" என்று ஒதுக்கினாள். மூன்றாவது வெறும் எஃகுக் குழாய். பார்க்கச் சப்பென்று இருந்தது. ஆடவில்லை. இரண்டு பேர் வெளியே பீட்சா சாப்பிட்டுப் பீரும் குடித்தால் ஆகிற விலை. அதை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் தெரு செங்குத்தான சரிவு. பனியில் இரண்டு வண்டி இறங்குவது எதற்கு என்று அவள் என் வண்டியில்தான் வேலைக்கு வருவாள். அதனால் தினமும் விடியற்காலையில் அவள் வீட்டு மிதியடியில் பூட்ஸோடு நின்று பார்த்தேன். தோள் வலிக்க வலிக்க அரைப்பாள். பாதியில் நிறுத்தி, பொடி விழும் குடுவையைக் கழற்றி, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடுவாள். வீடு முழுக்கக் காபி மணக்கும், அவளைத் தவிர எல்லோருக்கும். நல்ல மூக்கை வைத்துக்கொண்டு அங்கே நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

"எப்படி இருக்கு, சொல்லு" என்பாள்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்? ஒழுங்காச் சொல்லு."

"ரொட்டி ஓரம் முறுகின மாதிரி. கொஞ்சம் சாக்லேட்."

அதை மனதில் வாங்கிக்கொண்டு மறுபடி முகர்வாள். ஒன்றும் இருக்காது. மீதிக் கொட்டையையும் விடாமல் அரைப்பாள். ஜோலீன் புது வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டினாள். கல்லாவுக்கு நேரே மார்லிஸ் பெயர் இருந்தது. மறுநாளும் அரைத்தாள். அவள் கண் கலங்கியிருந்த நாளில் நான் கேட்கவில்லை. அவளே, "காத்து" என்றாள். கதவு சாத்தித்தான் இருந்தது.

லீவுக்கு முந்தைய வாரம், ஏரியில் பனிக்கட்டி உடைய ஆரம்பித்திருந்தது. வழக்கம்போல் அரைத்தாள், நிறுத்தினாள், குடுவையைக் கழற்றி மூக்கில் வைத்தாள். அவள் முகம் கடுத்தது.

"வெர்லின்! இங்க வா!"

அவன் பாதிச் சவரத்தோடு வந்தான்.

"என் மெஷின்ல என்னத்தப் போட்டு அரைச்ச?"

"நானா? ஒண்ணுமில்லையே."

"ஹேசல்நட்! அந்தப் பருப்பு சென்ட்டு தடவின காபிக்கொட்டையை என் மெஷின்ல போட்டிருக்க! அந்த எண்ணெய் பல்லுல ஏறினா போகவே போகாதுன்னு தெரியுமா தெரியாதா? காலம் பூரா என் வீட்டுக்குள்ள விடாம வெச்சிருந்தேன் அந்தக் கருமத்த!"

வெர்லின் சோப்பு நுரையோடு தலையைத் தொங்கப் போட்டான். "நேத்துதான் வாங்கினேன்... ஒரே ஒரு தடவ. நல்லாத் தொடச்சுத்தானே வெச்சேன். உனக்குத்தான் தெரியாதேன்னு..."

சொல்லி முடிக்கவில்லை. அவனும் நிமிர்ந்தான், நானும் நிமிர்ந்தேன். மார்லிஸ் குடுவையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு மெல்ல மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள்.

"நாறுது" என்றாள். "வெர்லின், நாறுது."

துறைமுகத்தில் அத்தனை குளிரிலும் நின்ற அந்த மனிதன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன், வெட்கமாக இல்லை. மார்லிஸ் மட்டும் மெஷினைத் தனித்தனியாகக் கழற்றி, ஒரு சின்ன பிரஷ்ஷோடு அவன் முன்னால் வைத்தாள்.

"அழுதது போதும். சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள இத ஒழுங்காத் தேச்சு வை. மோந்து பாத்துதான் வாங்குவேன்."