மேற்கே பார்த்த குழி

முத்து முகம்மதுவை ரங்கூன் போட்டாதாங் பேட்டையில் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்தால் பட்டாளத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி இருப்பதாகத் தெரியாது. அரிசிக் கிடங்கு வாசலில் காவலுக்குக் கம்பை மடியில் போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டிக்காரன் அதட்டினால் காவல்காரரே எழுந்து வழிவிடுவார். பர்மாவிலேயே, கியாக்தானில் கருவாடு விற்ற வாப்பாவுக்குப் பிறந்தவர். நாகூர்ப் பக்கம் சொந்த ஊர் என்று பேச்சே தவிர, அந்த மண்ணை மிதித்ததில்லை.

பெரிய சண்டையின்போது, சம்பளமும் பூட்ஸும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பெயரைக் கொடுத்துவிட்டார். யாரோடு சண்டை என்று விசாரித்தது கப்பல் ஏறிய பிறகுதான். துருக்கிக்காரனோடு என்றார்கள். அவனும் தொழுகிறவன்தானே என்று கேட்க நினைத்தார். யாரிடம் கேட்பது? கூட வந்தவர்களில் பாதிப் பேர் வேதக்காரர்கள், மீதிப் பேர் இந்துக்கள்.

பஸ்ராவில் இறங்கி மூன்று வாரம் ரோடு போட்டார்கள். நாலாவது வாரம், புழுதிக் காற்று அடித்த ஒரு காலையில், ஒற்றைத் துருக்கிக்காரன் எதிரே வர, முத்து முகம்மது சுட்டுவிட்டார். விழுந்தவன் கலிமா சொல்லிக்கொண்டே கண்ணை மூடினான். முத்து முகம்மது மண்வெட்டி எடுத்துத் தன்னந்தனியாகக் குழி வெட்டினார். கியாக்தானில் வாப்பாவை அடக்கியபடியே, தலையை வடக்கே வைத்து, முகத்தை மேற்கே, மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பி அடக்கினார். அடுத்த வாரம் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக் கப்பலில் ரங்கூன் திரும்பியாயிற்று.

இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டி நூர் பீவியிடம்கூட, ரோடு போட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். வருஷா வருஷம் அந்த நாளில், வாப்பாவின் தம்பி, கடலோடு போன சிச்சாவுக்கு என்று பொய் சொல்லிப் பள்ளிவாசல் லெப்பையை வரவழைத்துப் பாத்திஹா ஓத வைப்பார். துருக்கிக் கலீபாவுக்காகக் கிலாபத் கூட்டங்கள் நடந்த காலத்தில், கூலிக்குத் துருக்கியனைச் சுட்டவன் நரகத்துக்குப் போவான் என்று பேசினார்கள். அப்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஒழுங்காக அடக்கினோமே என்று தன்னைத் தேற்றிக்கொள்வார். அந்தக் குழி ஒன்றுதான் அவரைப் பள்ளிவாசலுக்குள் நிற்க வைத்தது. பிறகு இருபத்து நாலாம் வருஷம், துருக்கிக்காரர்களே தங்கள் கலீபாவை ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. திட்டியவர்கள் கூட்டம் போடுவதை விட்டார்கள். யார் யாருக்காக யாரைச் சுட்டது என்று அவருக்குத் தலை சுற்றியது.

அந்தக் குழப்பம் போதாதென்று கமால் வந்து சேர்ந்தான். பஸ்ராவுக்கு அரிசி கொண்டுபோகும் கப்பலில் கரி அள்ளுகிறவன். கிடங்கு வாசலில் தேநீர் குடித்துக்கொண்டே ஊர்க்கதை சொன்னான்.

"அங்க தொழ நின்னா நம்ம காலு தன்னால மேக்கால திரும்புது, காக்கா. பக்கத்துல நின்னவன் தோளைப் புடிச்சுத் திருப்பி விட்டான். அங்க கிப்லா தெக்கால சாஞ்சில்ல இருக்கு."

முத்து முகம்மது நம்பவில்லை. கமால் கோப்பையை மக்கா என்று வைத்து, ரங்கூனிலிருந்து ஒன்று, பஸ்ராவிலிருந்து ஒன்று என்று கம்பால் இரண்டு கோடு கிழித்துக் காட்டினான். பஸ்ராக் கோடு எப்படிப் பார்த்தாலும் மேற்கே போகவில்லை, தெற்கே சாய்ந்துதான் வந்தது.

மூன்று நாள் அவர் அவராக இல்லை. தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்று மறந்தார். கிடங்குக்கு வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினார். பாயை ஒரு பக்கம் விரிப்பார், உடனே மறுபக்கம் மாற்றி விரிப்பார். காத்துக் கருப்பு அடித்துவிட்டதோ என்று நூர் பீவி பயந்து, அவரையே லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிவரச் சொன்னாள்.

லெப்பை அவரைவிடப் பத்து வயது சின்னவர். பள்ளிவாசல் வராந்தாவில் உட்கார்ந்து, சிச்சா என்று யாரும் இல்லை என்பதில் தொடங்கி, புழுதியையும் கலிமாவையும் குழியையும் முத்து முகம்மது உளறிக் கொட்டினார். லெப்பை பொறுமையாகக் கேட்டார். திசை தெரியாத இடத்தில் மனசறிந்து ஒரு பக்கம் திரும்பினால் அதுவே போதும் என்றார்.

"தெரியாம வச்சீங்க. தெரியாம செஞ்சதுக்கு அல்லா பிடிக்க மாட்டான். நிம்மதியாப் போங்க."

முத்து முகம்மதுவுக்குப் பாரம் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்ச் செருப்பில் காலை நுழைத்தவர் அப்படியே நின்றார். எட்டு வருஷமாகக் குழியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. செருப்போடு வராந்தாப் படிவரை திரும்பி வந்தார்.

"குழி தெரியாம வெட்டுனது, லெப்பை. ஆனா அந்த ஆளு கையில துப்பாக்கி இல்ல, தண்ணித் தகரம்தான் இருந்துச்சு. அதை நான் பாத்துட்டுத்தான் சுட்டேன்."

 முத்து முகம்மது செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடியும் லெப்பையின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.