தூசியை நகர்த்தச் சொன்ன தனம்

அன்று காலை பட்டறைக்கு வந்திறங்கிய தேக்குப் பலகைகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தனலட்சுமியின் மகன் சேகர் கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். "அம்மா போயிடுச்சு மாமா. ராத்திரியெல்லாம் மூச்சு வாங்கிச்சு" என்றான். கையிலிருந்த பலகையை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

வீராம்பட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, எங்கள் கருவடிக்குப்பம் மரப்பட்டறையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர் தனம். உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவார். முதலில் கையால், பிறகு சாண்டிங் மெஷினால். கட்டிலோ பீரோவோ, பாலிஷுக்கு முன்னால் அவர் கை பட்டாக வேண்டும். அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டறை முதலாளியான நான் எவ்வளவு மந்தமாக இருந்தேன் என்பது பலருக்குத் தெரியாது. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பத்தாவது வருடத்தில் அவருக்கு இருமல் நிற்கவில்லை. மரத்தூள் நெஞ்சைக் கெடுத்திருக்கிறது, இனி தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்லது செய்கிற நினைப்பில் நான், "நாளையிலேர்ந்து பேக்கிங் பக்கம் வந்துடு தனம்" என்றேன். அவருக்கு வந்ததே கோபம். கூட வேலை செய்யும் பெண்களைக் காட்டிக் கேட்டார்:

"என் எடத்துல யாரு நிப்பா? கலாவா, முனியம்மாவா? அவளுங்க நெஞ்சு என்ன இரும்பா? என்னய நகத்தாதீங்கண்ணே, தூசிய நகத்துங்க."

சரி என்று ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கினேன். வீட்டுக்கு வாங்குகிற ரகம். மாவு மாதிரியான அந்தத் தூளில் கால் மணி நேரத்தில் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. அடுத்து பெரிதாக ஒன்றை வாங்கி மூலையில் நிறுத்தி, ஒல்லி ஹோஸ்களை ஒன்றோடொன்று ஒட்டி மேசை மேசையாக இழுத்துவிட்டேன். சாண்டிங் மெஷினில் தூள் வெளியேறும் வாயோடு ஹோஸ் பொருந்தாத இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். சத்தம் ஊரைக் கூட்டியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. தனம் தன் மேசைக்குப் பின்னால் ஒரு கறுப்பு ரவிக்கைத் துணியை மாட்டினார். சாயங்காலம் அதில் படிந்திருந்த தூளில் விரலால் தன் பெயரை எழுதிக் காட்டினார். "நீங்க சொன்னா ஆச்சா? துணி சொல்லணும்ண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஆர்டர் முடியட்டும், பார்க்கலாம் என்றேன். அந்த ஆர்டர் முடிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

அவர் விடுகிற ஆளா? ஒரு நாள் கடலூர் சாலையில் இருக்கும் கருவிக் கடைக்கு என்னைக் கிளப்பிக்கொண்டு போனார். கட்டைப் பையில் சாண்டிங் மெஷின். இதை எதற்குத் தூக்கி வருகிறாய் என்று கேட்டேன். "மாப்பிள்ளைய வீட்டுல வுட்டுட்டா பொண்ணு பாக்கப் போவாங்க?" என்றார்.

கடைக்காரர் மோட்டாரின் சக்தியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். தனம் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு ஹோஸிலும் மெஷினின் வாயைச் செருகி, மணிக்கட்டை வளைத்து வளைத்துப் பார்த்தார். "இது கைய இழுக்குது. கைய இழுத்தா மத்தியானமே கழட்டிப் போட்டுடுவாளுங்க." தூள் உரசி உரசிப் பழைய ஹோஸ் கையில் சுளீரென்று ஷாக் அடித்ததே, அது போல இதுவும் அடிக்குமா என்று கேட்டார். வேக்குவத்தின் பின்பக்கம் காற்று வெளியேறும் இடத்தில் கறுப்புத் துணியைப் பிடித்து, உள்ளே போன தூள் அங்கே வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் உள்ளே பை வைத்த, தன் ஃபில்டரைத் தானே உதறிக்கொள்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஹோஸ் அகலமானது, நீளம் குறைவு, துணி போல வளையும். அதைக் கூரையிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிடவும் அவர்தான் சொன்னார்.

அதை மாட்டிய அன்று சாயங்காலம் துணி கறுப்பாகவே இருந்தது. "மூணு வருசம் முன்னாடியே செஞ்சிருக்கலாம்ண்ணே" என்றார். மறுநாள் தன் மேசையைக் கலாவிடம் கொடுத்துவிட்டு, அவராகவே பேக்கிங் பக்கம் போனார்.

அதற்குள் அவர் நெஞ்சு இன்னும் கெட்டுவிட்டிருந்தது. நான் பிந்திவிட்டேன். இதைச் சேகரிடமும் சொல்லிவிட்டேன்.

அவருடைய பிடிவாதத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். காரியம் முடிந்த மறுவாரம் ஒரு ஹோட்டலுக்கு எட்டு பீரோ கேட்டு வந்தார்கள், அதுவும் நாலே நாளில். அன்று பார்த்து ஹோஸ் கிழிந்திருந்தது. புதியது வர இரண்டு நாள் ஆகும். "மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டுத் தேய்க்கச் சொல்லுங்க சார், ரெண்டு நாள்தான" என்றார் வந்தவர். கலாவும் முனியம்மாவும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய் சாண்டிங் மெஷின்களின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஹோஸ் வந்தாத்தான் வேலை" என்றேன்.

ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. போகட்டும். கலாவுக்கும் முனியம்மாவுக்கும் இன்றுவரை இருமல் இல்லை.