வெள்ளையம்மாளின் கேழ்வரகுக் காடு

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு கிராமத்தைத் தாண்டி, ஒரு சரிவில் இருக்கிறது எங்கள் சிற்றூர். மேலே விவசாயக் குடும்பங்கள். கீழே, எஸ்டேட் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்கள். மேலே இருந்தவர்களில் ஒருத்தி வெள்ளையம்மாள்.

1978 ஐப்பசியில் அவளுக்குப் பிரசவ வலி கண்டது. இரண்டாம் நாளும் குழந்தை பிறக்கவில்லை. விடாத மழை. ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிப் பாதைகூட அப்போது கிடையாது. அவள் கணவன் சித்தன் லைனுக்கு ஓடிவந்து, தூக்க ஆள் கேட்டான். என் அப்பா மரியதாஸும் இன்னும் மூன்று பேரும் கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி அவளைச் சுமந்துகொண்டு போனார்கள். அட்டை கடித்த கால்களோடு அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தபோது, பெண் குழந்தை பிறந்ததாகச் சொன்னார்கள். தாயும் பிழைத்தாள்.

எட்டு வருஷம் கழித்து ரோடு வந்தது. பஸ் விடலாமா என்று பார்க்க வந்த அதிகாரி, "பஸ் திரும்ப இடம் வேணுமே" என்றார். ஊரில் சமதளமாக இருந்தது வெள்ளையம்மாளின் கேழ்வரகுக் காடு ஒன்றுதான். அதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அவளே பேசினாள். "எங்க காட்டுலயே திருப்பிக்கட்டுங்க."

அப்பா பதறினார். "ஏனம்மிணி, உங்க ஊட்டுச் சோறே அதுலதான வருது?"

"இருக்கட்டுங்கண்ணா. நான் தூளியில போன மாதிரி இன்னொருத்தி போக வேண்டாம். நான் உசுரோட திரும்புனதே நொம்பப் பெருசுங்க."

சித்தன் காட்டை ஒருமுறை பார்த்தான். பிறகு சரி என்று தலையசைத்தான்.

தை மாதம் பஸ் வந்தது. மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். அறுத்த கேழ்வரகுத் தாள்களின் மேல் சக்கரம் ஏறித் திரும்பியபோது வெள்ளையம்மாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அதை என் அம்மா தெரசம்மாள் பார்த்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் லைன்காரர்கள் மண்வெட்டியோடு மேலே போனார்கள். அவள் வீட்டுக்குப் பின்னால் கல்லும் முள்ளுமாக ஒரு சரிவு கிடந்தது. கல்லைப் பொறுக்கி வரப்புக் கட்டி, படிப்படியாக வெட்டினார்கள்.

"எதுக்குங்கண்ணா இத்தனை பாடு?" என்றாள் அவள்.

"லீவு நாள்ல சும்மாதான கண்ணு இருக்கறம்" என்றார் அப்பா.

மழை பிடிக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் போனார்கள். அந்த வருஷம் பயிர் குட்டையாகத்தான் வந்தது. ஆனாலும் கதிர் பிடித்தது. அறுப்பு முடிந்ததும் வெள்ளையம்மாள் எல்லோரையும் கூப்பிட்டு, அந்தக் கேழ்வரகிலேயே களி கிண்டி, கீரை கடைந்து வைத்தாள். புதுப் படிகளில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா மூன்றாவது உருண்டை கேட்டு வாங்கினார்.