ஐசக் சார் வீட்டு ஆமென்

பைபிள் உமன் வேலைக்கு முழங்கால் பலமாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். காதும் வயிறும் அதைவிடப் பலமாக இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. அறுபதுகளின் நடுவில், வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையும் தோளில் ஒரு பையுமாக சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒருத்தி வேகவேகமாக நடந்து போவதை நீங்கள் பார்த்திருந்தால் அது நான்தான். வீடு வீடாகப் போக வேண்டும், வேதம் வாசிக்க வேண்டும், கஷ்டங்களைக் கேட்க வேண்டும், ஜெபம் பண்ண வேண்டும், அவர்கள் கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். ஏழு வீடு என்றால் ஏழு காபி. நீங்களும் ஏதாவது ஒரு சபையில் இப்படி அலைந்தவர் என்றால் இப்போதே தலையாட்டுவீர்கள். நீளமான ஜெபத்தில் மாட்டிக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து கடிகாரத்தைப் பார்த்தவர்களும் நம் கட்சிதான்.

எல்லா வீட்டுக் கதையையும் சொன்னால் என்னைச் சபைக்குள் விடமாட்டார்கள். அதனால் ஒரே ஒரு வீட்டை மட்டும் காட்டிக்கொடுக்கிறேன். ஐசக் சார் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். தினமும் மின்சார ரயிலில் போய் வருவார். சபைக் கமிட்டியில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவர் மனைவி கமலாக்கா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மூன்று பிள்ளைகள். வீட்டு வேலைக்கு ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து முனியம்மா நடந்து வருவாள்.

கண்ணை மூடிக்கொண்டு சண்டை

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் குடும்ப ஜெபம். நான் முதல் முறை போனபோது சாரும் அக்காவும் மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அது தெரியாது. ஜெபத்தில்தான் தெரிந்துகொண்டேன். "ஆண்டவரே, அம்மி ரெண்டாப் பிளந்து கிடக்கிற வீட்டிலே கேட்காமக் கொள்ளாம டிரான்சிஸ்டர் வாங்கிட்டு வர்றவங்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று அக்கா ஆரம்பித்தார். ஜெபத்துக்கு நடுவே யாரும் குறுக்கே பேசக் கூடாது. அது எங்கள் சட்டம். சார் பல்லைக் கடித்துக்கொண்டு தன் முறை வரும்வரை காத்திருந்தார். "கர்த்தாவே, நாளெல்லாம் உழைச்சுட்டு வர்றவன் பத்து நிமிஷம் செய்தி கேட்டால் அதைப் பொறுத்துக்கொள்ளுகிற இருதயத்தை இந்தக் குடும்பத்துக்குத் தாரும்" என்றார்.

கடைசியில் என் முறை. நான் இரண்டு கட்சிக்கும் பொதுவாக, பட்டும் படாமலும் ஏதோ சொல்லி முடித்தேன். எல்லோரும் எழுந்தோம். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "லீதியா, தோசை ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா."

சாரின் கையெழுத்து

ஆமென் விஷயத்தில் சார் மகா கண்டிப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் விளையாட்டைக் குறைத்துக்கொண்டு நன்றாகப் படிக்க வேண்டும் என்று நான் ஜெபித்தேன். அரைத் தூக்கத்தில் இருந்த நடுப் பையன் ஜெயசீலன் எல்லோருக்கும் முன்னால் பெரிதாக "ஆமென்" போட்டுவிட்டான். மறுநாளே சார் அவன் கிரிக்கெட் மட்டையைப் பீரோவுக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டார். அடுத்த வாரம் அவன் என்னிடம் அழாத குறையாக முறையிட்டபோது சாரே பதில் சொன்னார்: "ஆமென்னா ஆபீஸ்ல நான் போடற கையெழுத்து மாதிரிடா. படிச்சுப் பார்க்காமக் கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் முழிக்கக் கூடாது."

பிடி அரிசி

சபைப் பெண்கள் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட வேண்டும். மாதம் ஒரு முறை நான் வந்து வாங்கிப்போவேன். சம்பாதிக்க ஆள் இல்லாத வீடுகளுக்கு அது போகும். அரிசிக்கு ஊரே அல்லாடிய காலம் அது. பல வீடுகளில் பிடி என்பது சிட்டிகையாகிவிட்டது. டப்பாவை ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்கும். கமலாக்கா வீட்டு டப்பா மட்டும் சத்தமே போடாது. மூடி மூடாத அளவுக்கு நிறைந்திருக்கும். பெண்கள் கூட்டத்தில் அக்காவை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினோம். அக்காவும் கொஞ்சம் குழப்பத்தோடு நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் நானும் அக்காவும் பேசிக்கொண்டே சமையலறைக்குள் போனோம். முனியம்மா அரிசி களையப்போகிறாள். களைவதற்கு முன்னால் தன் அகலமான கையை முறத்தில் விட்டு ஒரு அள்ளு அள்ளி டப்பாவில் போட்டாள். அக்காவுக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஒவ்வொரு வேளையும் இவ்வளவா போடறே?" என்றார். கைதட்டல் வாங்கிய பிறகு குறைக்கச் சொல்லவும் வழியில்லை. முனியம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு கை போடச் சொன்னீங்க, போட்டேன். என் கை பெருசாக் கீது, அதுக்கு நான் இன்னாம்மா செய்யறது?"

உபவாசம்

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து. அந்த நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் சார் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஆபீசுக்கும் லீவு போட்டுவிடுவார். வீட்டில் யாரும் கரண்டியைக் கீழே போடக் கூடாது, தாளிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. ஆறு மணி ஆனதும் கஞ்சி, வடை, சுண்டல், பழம், மேற்கொண்டு ஒரு பாயசம் எல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும். நான் போன வெள்ளிக்கிழமை அக்கா வியர்த்து விறுவிறுத்து வடை தட்டிக்கொண்டிருந்தார். முனியம்மா கொல்லையில் இரண்டாம் முறையாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சார் எவ்வளவு பக்தியா இருக்கார்" என்று நான் சும்மா இருக்காமல் சொல்லிவைத்தேன். அக்கா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவர் ஒரு நாள் சாப்பிடாம இருக்கணும்னா நாங்க ரெண்டு பேரும் ரெண்டு நாள் சமைக்கணும்."

பத்தடி தூரம்

முனியம்மாவின் புருஷன் ஏழுமலை கல் குவாரியில் வேலை செய்தவர். நாலு மாதமாக டி.பி. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவளால் அவரைப் பார்க்கப் போக முடிகிற ஒரே பொழுது ஞாயிற்றுக்கிழமைப் பகல். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் ஐசக் சார் வீட்டில் கறிக்குழம்பு. ஆராதனை முடிந்து கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் சாப்பிட வருவார்கள். பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அவள் ஓடிப்போய்ச் சேரும்போது பார்வையாளர் நேரம் முடிந்திருக்கும். நாலு மாதத்தில் இரண்டே முறைதான் புருஷன் முகத்தைப் பார்த்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு கேட்டுத் தரச்சொல்லி, நான் அந்த வீட்டைவிட்டுத் தெருவில் இறங்கியதும் என்னிடம் வந்தாள்.

அந்தக் கறிக்குழம்பை நானும் பல ஞாயிறு சாப்பிட்டிருக்கிறேன். கை கழுவிவிட்டுத் தட்டை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன். அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம். நான் வேலையில் இருப்பதும் போவதும் கமிட்டி கையில், கமிட்டி ஐசக் சார் கையில். அதனால் எங்கள் தொழிலிலேயே மிக வசதியான வாக்கியத்தைச் சொன்னேன்: "நான் ஜெபம் பண்றேன் முனியம்மா." அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ சாமிகிட்ட சொல்லி, சாமி வந்து அம்மாகிட்ட சொல்றதுக்குள்ள அந்த ஆளு போய்ச் சேந்துடுவாரு. பத்தடியில கீது வூடு, நீயே சொல்லிடேன்க்கா."

நாலாம் கற்பனை

இரண்டு செவ்வாய் போனது. நான் சொல்லவில்லை. மூன்றாவது செவ்வாய்க்கிழமை, ஞாயிறு பள்ளிப் பரீட்சைக்காக சார் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பத்துக் கற்பனைகளையும், அதாவது வேதத்தில் உள்ள பத்துக் கட்டளைகளையும், ஒப்பிக்கச் சொன்னார். ஒரு வருஷமாக அந்த வீட்டில் தினமும் நடக்கிற ஒப்பிப்புதான். ஜெயசீலன் நாலாவதில் தடுக்கி விழுந்தான். ஓய்வுநாளில், எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை, யார் யாரெல்லாம் வேலை செய்யக் கூடாது என்ற பட்டியலில், நீ, உன் மகன், உன் மகள் என்று மூன்று பேரைச் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தான். சார் பிரம்பை எடுத்தார். அப்போது கொல்லைப்பக்கம் தேங்காய் நார் தேய்க்கிற சத்தம் நின்றது. "வேலைக்காரன், வேலைக்காரி, ஆடு மாடு, வாசலாண்ட நிக்கிற வெளியூர்க்காரன், ஒருத்தரும் செய்யக் கூடாது!" என்று முனியம்மாவின் குரல் வந்தது.

பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். சாருக்கும் ஒரே சந்தோஷம். அவளைப் பின்வாசல் நிலைக்குக் கூப்பிட்டு, "பரவாயில்லையே! காதால கேட்டே படிச்சிட்டியே. அர்த்தம் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். முனியம்மா கைச் சாம்பலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். குரலில் துளி எதிர்ப்பு இல்லை. "அர்த்தம் தெரியாமத்தானே சார் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துகினு கீறேன்."

ஆறிப்போன காபி

சிரிப்பு அப்படியே நின்றது. அக்கா எனக்கு முன்னால் காபி டம்ளரை வைத்துவிட்டு, "லீதியா, நீ ஒரு ஜெபம் பண்ணி முடிச்சுடு" என்றார் அவசரமாக. எல்லோரும் முழங்கால் போட்டோம். முனியம்மா நிலைக்கு வெளியே நின்றாள். வழக்கமான ஜெபம்தான் பண்ணப்போனேன். வாய் வேறு பக்கம் திரும்பிவிட்டது. "ஆண்டவரே, இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் தேய்க்க ஐந்து பேருக்குப் பத்துக் கைகளைக் கொடுத்திருக்கிறீர், ஸ்தோத்திரம். சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போன என் கைகளை மன்னியும். ஏழுமலை நாலு மாதமாக வாசலைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். வருகிற ஞாயிறு முதல் முனியம்மா அவரைப் பார்க்கப் போகட்டும், சம்பளத்தில் ஒரு காசும் குறையாமல். ஆமென்."

பிள்ளைகள் ஆமென் சொன்னார்கள். ஜெயசீலன்தான் எல்லோரிலும் பலமாக. அக்கா மெதுவாகச் சொன்னார். சார் சொல்லவில்லை. வீட்டுத் தலைவர் சொல்லாமல் யாரும் எழுந்திருக்க முடியாது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். இறுக மூடிய கண், அதைவிட இறுக மூடிய வாய். இந்த மாதத்தோடு வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போவதுதான் போகிறது என்று இரண்டாம் சுற்று ஆரம்பித்தேன். நாட்டை ஆளுகிறவர்களுக்காக, மழைக்காக, அனகாபுத்தூர் நெசவாளர்களுக்காக எல்லாம் ஜெபித்துவிட்டு மறுபடி பாத்திரத்துக்கே வந்து சேர்ந்தேன். ஆமென் இல்லை. மூன்றாம் சுற்றில் ஊர் ஊராக ஜெபித்துக் கோவிலம்பாக்கம்வரை போய்த் திரும்பினேன். காபியில் ஏடு படர்ந்துவிட்டது. கடைக்குட்டி தரையிலேயே தூங்கிவிட்டாள். ஜெபத்துக்குக் குறுக்கே பேசக் கூடாது என்ற சட்டம் இருக்கிறதே, பாவம், சார் என்ன செய்வார்? நாலாம் சுற்றுக்கு நான் மூச்சு இழுத்தபோது தொண்டையைக் கனைத்துக்கொண்டு "ஆமென்" என்றார்.

பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். முனியம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன் லீதியா. ஆனா இனிமே இவ்வளவு நீளமா மனு எழுதாதே."

மீன் குழம்பு

வேலை போகவில்லை. அந்த ஞாயிறு நான் போனபோது கறிக்குழம்பு இல்லை. பாத்திரம் குறையும் என்று தயிர்சாதமும் ஊறுகாயும். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையில் குந்தி உட்கார்ந்து சாம்பலால் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கமிட்டிக்காரர் யாராவது பார்த்துவிடப் போகிறார் என்று கொல்லைக் கதவைச் சாத்தி வைத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுகளைக் கழுவினேன்.

திங்கட்கிழமை முனியம்மா வந்து சொன்னாள். தூக்குச்சட்டியில் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு நல்ல பகலில் போய் ஏழுமலை முன்னால் நின்றிருக்கிறாள். மனிதர் அவளைக் கண்டதும் பயந்துபோனாராம். அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிய பிறகுதான் சோற்றில் கை வைத்தாராம். கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. அவர் முதலில் கேட்டது இதுதான்: "இன்னாமே இந்நேரத்துல வந்துகீறே, வேலைய வுட்டுத் தொரத்திட்டாங்களா?"

பழக்க தோஷம்

ஏழுமலை குணமாகி வீடு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை லீவு மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒரு நாள், என் தொழில் புத்தி சும்மா இருக்குமா, "ஞாயித்துக்கிழமை சும்மாத்தானே இருக்கே முனியம்மா, ஒரு நாள் எங்க கோயிலுக்கு வாயேன்" என்று கூப்பிட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு கேம்ப் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். "நல்லாக் கீதுக்கா நியாயம்! லீவு வாங்கிக் குடுத்த நீயே லீவு நாள்ல வேலைக்குக் கூப்புடுறியே?"

எத்தனையோ வருஷம் எத்தனையோ வீட்டில் முழங்கால் போட்டு ஜெபித்தேன். பதில் வந்தது என்று நான் கண்ணால் பார்த்துச் சத்தியம் பண்ணக்கூடியது, ஐசக் சார் முழங்கால் வலி தாங்காமல் சொன்ன அந்த ஒரு ஆமென்தான்.